மதியத்துக்குள் மூடிக்கொண்ட நிலம்

அம்சவேணியின் ஒன்றரை ஏக்கரைக் காலையில் உழுதால் மதியச் சோற்று வேளைக்குள் அது மூடிக்கொள்ளும். 1996 ஆடி மாதம் தொடங்கி 1998 ஆடி மாதம் வரை ஒன்பது முறை அப்படி நடந்தது. புரட்டிய மண் கிளம்பிய இடத்துக்கே திரும்பும். உழவுக் கோடுகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொள்ளும். வேரோடு வெளியே வந்த அறுகு மறுபடி வேரூன்றிப் பச்சையாக நிற்கும். பெரிய சத்தம் எதுவும் வராது. வரப்பில் உட்கார்ந்திருப்பவருக்கு, பக்கத்து வீட்டில் யாரோ பாய் சுருட்டுவது போலக் கேட்கும். முதல் தடவை பார்த்தவர்கள் பயந்தார்கள். மூன்றாவது தடவைக்குப் பிறகு ஊரில் எல்லோருக்கும் எரிச்சல்தான் வந்தது.

ஈச்சங்கண்டிகை சத்தியவேட்டுக்குத் தெற்கே, ஆந்திர எல்லைக்குள் இருக்கிறது. வீட்டில் பேசுவதும் சண்டை போடுவதும் தமிழ். ஆபீசும் சந்தையும் பள்ளிக்கூடமும் தெலுங்கு. ஒரே வாக்கியத்தைத் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிப்பது அங்கே குழந்தைக்கும் வரும். 1996 சங்கராந்தி முடிந்த வாரத்தில் ஊரின் நிலமில்லாத பதினோரு குடும்பங்களுக்கு அரசு பட்டா கொடுத்தது. பத்துப் பேருக்கு ஏரிக்கு மேற்கே, ஏற்கனவே உழுதுகொண்டிருந்த நிலத்தில் கிடைத்தது. அங்கே இடம் தீர்ந்துவிட்டதால் அம்சவேணிக்கு மட்டும் மலையடி மேய்ச்சல் புறம்போக்கில் அளந்து கல் நட்டார்கள். சர்வே எண் 118/4. பட்டாவின் பின்பக்கம் தெலுங்கில் இரண்டு நிபந்தனைகள் இருந்தன. நிலத்தை விற்கக் கூடாது. மூன்று ஆடிப் பட்டத்துக்குள் பயிர் வைத்துக் காட்டாவிட்டால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளும்.

அம்சவேணிக்கு அப்போது முப்பத்தொரு வயது. பதினைந்து வருடமாக அடுத்தவர் நிலத்தில் களை எடுத்தவள், நாற்று நட்டவள், கடலை பிடுங்கியவள். அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பட்டத்தின் முதல் உழவுக்கு ஏர் இறங்கும்போது நிலத்துக்குச் சொந்தமானவர் கிழக்கு மூலையில் நின்று, குனிந்து மண்ணைத் தொட்டு, "சாலு, சாலு, சாலு" என்று மூன்று முறை சொல்ல வேண்டும். சால் என்றால் உழவுக் கோடு. மூன்றாவது சொல்லுக்கு மாடு நகரும். கூலிக்கு வந்தவர்கள் அதைச் சொல்லக் கூடாது. அம்சவேணி பதினைந்து வருடம் வரப்பில் நின்று, வேறு யாரோ சொல்வதைக் கேட்டிருக்கிறாள். தன் முறை வந்தபோது ஊரில் யாரும் சொல்லாத அளவுக்கு உரக்கச் சொன்னாள். ஏரிக்கரையில் துணி துவைத்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள் என்று அவளுடைய சிநேகிதி செல்லியம்மா பிறகு பல முறை சொன்னாள்.

முதலில் வாடகை மாடும் மர ஏரும் இறங்கின. மதியத்துக்குள் நிலம் மூடியது. மாட்டுக்காரர், ஆழம் போதவில்லை என்றார். இரும்புக் கலப்பையை வாங்கி வந்து ஒரு சாண் ஆழம் புரட்டினார்கள். அது மூடுவதற்கு அரை மணி நேரம் கூடுதலாக ஆனது, அவ்வளவுதான். மழை பெய்த மறுநாள் ஓட்டினார்கள், ஈரத்தில் இன்னும் சுலபமாக மூடிக்கொண்டது. உழவே வேண்டாம், குச்சியால் குழி போட்டு விதை ஊன்றலாம் என்று அம்சவேணி, அதற்கும் மூலையில் நின்று மூன்று முறை சொல்லிவிட்டு, ஒரு காலை முழுவதும் ஊன்றினாள். மதியம் அத்தனை கடலையும் வெளியே வந்து, ஊன்றிய வரிசையிலேயே, மண் ஒட்டாமல் சுத்தமாகக் கிடந்தது. அதைப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுபோய் வறுத்தாள்.

1997இல் எத்திராஜ் தன் டிராக்டரோடு வந்தார். பக்கத்து நான்கு ஏக்கர் அவருடையது. மாடு செய்யாததை ஒன்பது கொழு கல்டிவேட்டர் செய்யும் என்று டீக்கடையில் சொல்லிவிட்டு வந்திருந்தார். அம்சவேணி மூலையில் நின்று மூன்று முறை சொன்னாள். எத்திராஜ் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டினார். பதினொன்றரை மணிக்கு ஒரு பீடி பற்றவைக்க நிறுத்தியவர் திரும்ப வண்டியை எடுத்தபோது வண்டி நகரவில்லை. ஒன்பது கொழுவும் உள்ளே இருக்க நிலம் மூடியிருந்தது. கல்டிவேட்டரைக் கழற்றி அங்கேயே விட்டுவிட்டு வெறும் டிராக்டரை ஓட்டிக்கொண்டு போனார். மறுநாள் காலையில் அது வரப்போரமாக வைக்கப்பட்டிருந்தது. துரு எல்லாம் போய்ப் பளபளவென்று இருந்தது. கடையில் தீட்டியிருந்தால்கூட அவ்வளவு கூர் வராது என்று எத்திராஜ் ஒப்புக்கொண்டார். ஆனாலும் கோபம் போகவில்லை. வட்டுக் கலப்பையைக் கொண்டுவந்தார், அடுத்த வாரம் அதைவிடப் பெரிய வட்டுக் கலப்பையைக் கொண்டுவந்தார். இரண்டுக்கும் அதேதான் நடந்தது. அவர் நிலத்தைத் தமிழில் திட்டினார். மாட்டுக்காரரும் தமிழில்தான் திட்டியிருந்தார். அந்த ஊரில் திட்டுவதற்கு யாரும் தெலுங்கை எடுப்பதில்லை.

வேளாண்மை அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து நான்கு இடத்தில் குழி வெட்டி மண் எடுத்தார். நான்காவது குழி அவருடைய கொத்துக்கரண்டியோடு மூடிக்கொண்டது. இரண்டு மாதம் கழித்துத் திருப்பதி ஆய்வுக்கூடத்திலிருந்து தாள் வந்தது. மண்ணில் குறை ஒன்றும் இல்லை, சுண்ணாம்பும் உப்பும் அளவோடு இருக்கின்றன, ஆழ உழுவது நல்லது என்று அதில் எழுதியிருந்தது. அம்சவேணி அதைச் சுவரில் ஒட்டினாள். கோபம் வரும்போதெல்லாம் அதைப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் வரும் என்பதற்காக ஒட்டியதாகச் சொன்னாள்.

அவள் கணவன் சின்னசாமி சென்னையில் கட்டட வேலையில் இருந்தான். அந்த வருடங்களில் கண்டிகையின் ஆண்களில் பாதிப் பேர் சென்னையில் இருந்தார்கள். சிலர் சூளூர்பேட்டை வழியாக ரயில் ஏறி இன்னும் தூரம் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குச் சத்தியவேடு எஸ்.டி.டி. பூத்துக்கு அவன் பேசுவான்.

"வுட்டுத் தொலை மே. இங்க சைட்ல ஷெட்டு குடுக்கறாங்க. நீயும் வந்தா ரெண்டாளு வேல."

"ஷெட்டுக்குப் பட்டா குடுப்பாங்களா?"

"அது பட்டாவா? மூஞ்சில கதவ சாத்துது. ஊரே சிரிக்குது. மேஸ்திரி வரிக்கும் தெரிஞ்சி போச்சி."

"சிரிக்கட்டும். நீ கலவையப் பாரு. கட்டி தட்டிடப் போவுது."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது என்று அவளுக்குத் தெரியும். கிராமக் கணக்கான அடங்கலில் இரண்டு வருடமும் 118/4க்கு நேரே, தரிசு என்பதற்கான தெலுங்குச் சொல்லை எழுதியிருந்தார்கள். மூன்றாவது வருடமும் அதையே எழுதினால் கல்லைப் பிடுங்கிவிடுவார்கள். பிறகு ஷெட்தான். 1998 ஆனியில் வருவாய்த் துறை ஆர்.ஐ. நாகபூஷணம் வந்து பார்த்தார். அலிபிரி பக்கத்துக்காரர், ஒழுங்கானவர், யாரையும் அதட்டாதவர். முழங்கால் உயர அறுகைப் பார்த்துவிட்டு, "ஏமம்மா, இந்தத் தடவையும் நேனு என்னதான் எழுதறது?" என்று கேட்டார். புரட்டாசியில் வருவேன், அதுதான் கடைசி என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஆடியில் எத்திராஜ் ரோட்டாவேட்டர் வாங்கியிருந்தார். அந்தப் பக்கத்துக்கு வந்த முதல் ரோட்டாவேட்டர் அது. மண்ணைக் கீறாது, அரைத்துப் பொடியாக்கும். பொடியானது எப்படிச் சேரும் என்று பார்க்கிறேன் என்றார். ஆனால் அவர் ஓட்டவில்லை, அந்த நிலத்தில் இறங்குவதில்லை என்று டீக்கடையில் சத்தியம் செய்திருந்தார். டிரைவர் ஒருவனை வைத்திருந்தார், பெயர் கிரண்குமார். பாகாலாவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. தமிழ் ஒரு சொல் தெரியாது.

அம்சவேணி மூலைக்குப் போனாள். பத்தாவது முறை என்பதால் குரலில் முதல் வருடத்து உற்சாகம் இல்லை. மண்ணைத் தொட்டு மூன்று முறை சொன்னாள். கிரண்குமார் அப்போதுதான் வண்டியை நிலத்துக்குள் இறக்கியிருந்தான். இன்ஜினை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கினான்.

"இன்னா பா, நிறுத்திட்ட?"

"மீரே கதம்மா, சாலு அன்னாரு" என்றான் அவன். நீங்கள்தானே போதும் என்றீர்கள் என்று அதற்கு அர்த்தம். அந்தப் பக்கத்துத் தெலுங்கில் சாலு என்றால் போதும். கண்டிகையில் பால் ஊற்றும்போதும் சோறு போடும்போதும் தினம் இருபது தடவை எல்லோரும் சொல்கிற சொல்தான். ஆனால் ஏர் முன்னால் அதைத் தெலுங்காகக் கேட்பதற்கு ஊரில் யாருக்கும் காது இல்லை. அம்சவேணிக்கும் அப்போது ஒன்றும் தோன்றவில்லை. வேலைக்கு வளையாத ஆளை எத்திராஜ் பிடித்துவந்திருக்கிறார் என்று நினைத்தாள். கையை ஆட்டி ஏறச் சொன்னாள். அவன் முணுமுணுத்துக்கொண்டு ஏறி ஓட்டினான்.

பதினொன்றரைக்குப் பாதி நிலம் முடிந்திருந்தது. கிழக்கு மூலையில் பாய் சுருட்டுகிற சத்தம் ஆரம்பித்தது. அம்சவேணி அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. பத்தாவது தடவை அழுவதற்கு அவளுக்கு அலுப்பாக இருந்தது. வந்தவனுக்குச் சோறாவது போடலாம் என்று தூக்கைத் திறந்து, டிராக்டர் சத்தத்துக்கு மேல் கத்தினாள்.

"வாப்பா, துன்னு! துன்னுட்டு ஓட்டுவ!"

கிரண்குமார் பல்லைக் கடித்துக்கொண்டு, "துன்னுதானே உன்னானு கதம்மா!" என்று பதிலுக்குக் கத்திவிட்டு வேகத்தைக் கூட்டினான். தெலுங்கில் துன்னு என்றால் உழு, உழுதுகொண்டுதானே இருக்கிறேன் என்கிறான் அவன். முதல் எழுத்தை அழுத்திச் சொல்ல வேண்டும், ஆனால் டிராக்டர் சத்தத்தில் அதெல்லாம் தெரியாது.

"வந்து துன்னு பா, சோறு ஆறுது!"

"துன்னுதுன்னானம்மா!"

"எங்க துன்ற? துன்னு, துன்னு!"

வரப்பில் இருந்த செல்லியம்மா சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டாள். "அடியே வேணி, அவன் உயுதுகினு கீறான்டி. நீ உயு உயுன்னு வெரட்டிகினு கீற. அவன் பசில சாவப் போறான்" என்றாள். அப்போதுதான் இருவரும் கிழக்கு மூலையைப் பார்த்தார்கள். மூடிக்கொண்டிருந்த கோடுகள் நின்றிருந்தன. நின்றவை மெதுவாகத் திறந்தன. திறந்தது கிழக்கோடு நிற்கவில்லை. கிரண்குமார் இன்னும் போகாத மேற்குப் பாதியில், முன்னால் வண்டி எதுவும் இல்லாமல், கோடு கோடாக மண் புரண்டு எல்லைக்கல் வரை போனது. டிராக்டர் நடுவில் நின்றது. கிரண்குமார் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, தன்னைத் தாண்டி ஓடுகிற உழவைப் பார்த்தான். பிறகு இறங்கி வந்து சோற்றை முழுவதும் தின்றான். நல்ல பசி அவனுக்கு.

விஷயத்தைச் செல்லியம்மாதான் எடுத்துச் சொன்னாள். அந்த மேட்டில் பட்டா கொடுக்கும் வரை அறுபது எழுபது வருடமாக ஆடு மேய்த்தவர்கள் எல்லோரும் தெலுங்குக்காரர்கள். நிலத்துக்குத் தெலுங்கு மட்டும்தான் தெரியும். "மூணு வருசமா நீ போதும் போதும்னு சொல்லிகினு வந்துகீற. அது போதும்னு மூடிகினு போச்சி. இந்த ஊர்லயே சொன்ன பேச்சு கேக்குற நெலம் இது ஒண்ணுதான்டி. அதப் போயி இத்தினி பேரு திட்டுனீங்க." மற்றவர்கள் நிலத்தில் அதே சொல்லை அதே குரலில் சொல்லியும் ஒன்றும் ஆகாததற்குக் காரணம், அவை தலைமுறை தலைமுறையாக மனிதர்களோடு இருந்தவை. மனிதர்கள் சொல்வதைக் காதில் வாங்காமலிருக்கப் பழகியவை. அந்த வாரம் பலர் தங்கள் நிலத்தில் நின்று துன்னு துன்னு என்று கத்திப் பார்த்தார்கள். தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

மதியம் இரண்டு மணியாகியும் நிலம் திறந்தே கிடந்தது. மறுநாளும் அப்படியே கிடந்தது. அம்சவேணி கடலை விதைத்தாள். அவளுக்குச் சந்தோஷம் இருந்தது, ஆனால் ஒரு வருத்தமும் இருந்தது, அதைச் செல்லியம்மாவிடம் மட்டும் சொன்னாள். பதினைந்து வருடம் காத்திருந்து கிடைத்த சொல், அதைத்தான் இனி இந்த நிலத்தில் சொல்லக் கூடாது. அவள் மூலையில் நின்று மூன்று முறை மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். மனதுக்குள் சொன்னது நிலத்துக்குக் கேட்கவில்லை.

விதைத்த பிறகு வேறு தொந்தரவு ஆரம்பித்தது. அவள் நாள் முழுவதும் அங்கே இருந்தாள், நாள் முழுவதும் தமிழ் பேசினாள். நிலம் தமிழ் கற்றுக்கொண்டது. களை எடுக்கும்போது ஒரு நாள் பக்கத்திலிருந்த செல்லியம்மாவிடம் "கொஞ்சம் தள்ளு" என்றாள். மேற்கு வரப்பு ஒரு முழம் தள்ளி எத்திராஜின் வயலுக்குள் போனது. எத்திராஜ் ஓடிவந்தார்.

"இன்னாம்மா இது? போன வருசம் என் கொழுவ முழுங்குச்சி, இந்த வருசம் என் வயலயா?"

"நான் செல்லிய சொன்னேன்ணா, சத்தியமா."

"வெனக்கி போ!" என்று அவர் வரப்பைப் பார்த்துத் தெலுங்கில் கத்தினார். வரப்பு பழைய இடத்துக்கு வந்தது. அதற்குப் பிறகு அந்த நிலத்தில் இறங்குகிறவர்கள் சைகையில் பேசப் பழகினார்கள். இரண்டு மொழியும் தெரிந்த நிலம், ஒரு சொல்லை எந்த மொழியில் எடுத்துக்கொள்ளும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அந்த ஊர் மனிதர்களைப் பற்றியும் அப்படித்தான், அதனால் யாரும் அதைக் குறையாக நினைக்கவில்லை.

புரட்டாசி இரண்டாவது வாரம் நாகபூஷணம் அடங்கலோடு வந்தார். கடலைக்கு அப்போது ஐம்பது நாள், பூ முடிந்து, காயாகப் போகும் ஊசி மண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு முகம் மலர்ந்தது. வரப்பில் நின்று பேனாவைத் திறந்தார். முறைப்படி, பயிர் இருக்கும் இடத்திலேயே, இரண்டு சாட்சிகள் கேட்க, பதிவை உரக்கச் சொல்லிவிட்டு எழுத வேண்டும். சாட்சியாக எத்திராஜும் செல்லியம்மாவும் நின்றார்கள். பயிர் இருக்கிறது என்பதற்குத் தெலுங்குக் கணக்கில் எழுதுவது இரண்டே எழுத்து: சாகு.

அம்சவேணிக்கு அது அந்த நொடியில்தான் உறைத்தது. "சார், சார், வாயத் தொறக்காதீங்க" என்று கிசுகிசுத்தாள்.

"எந்துக்கம்மா? உனக்கு நல்லதுதானே எழுதறேன்."

"தமிழ்ல அது வேற சார். இதுக்கு ரெண்டும் தெரியும்."

"சாகுபடின்னு முழுசா சொல்லுங்க சார். அப்ப ஒண்ணும் ஆவாது" என்று செல்லியம்மா அவர் காதருகே சொன்னாள்.

நாகபூஷணம் அடங்கலைத் திருப்பிக் கட்டத்தைக் காட்டினார். அதில் இரண்டு எழுத்துக்குத்தான் இடம் இருந்தது. எழுதுவது ஒன்று சொல்வது ஒன்றாக இருக்கக் கூடாது, முப்பது வருட சர்வீசில் அப்படிச் செய்ததில்லை என்றார். காலையிலிருந்து ஏழு கிராமம் சுற்றியிருந்தார், வெயில் வேறு. போதும் இந்தக் கதை என்ற எண்ணத்தோடு நிமிர்ந்து, தொண்டையைச் செருமி, "சா" என்றார்.

அவருக்கு முன்னால் இருந்த மூன்று வரிசைக் கடலைச் செடி அந்த ஓர் எழுத்துக்கே இலையை மடக்கியது. தண்டு சாய்ந்தது. நாலாவது வரிசை லேசாக நடுங்கிக்கொண்டு, மீதிச் சொல்லுக்குக் காத்திருப்பது போல நின்றது.

அம்சவேணி இரண்டு கையையும் கூப்பியிருந்தாள், கும்பிட்டது அவரையா நிலத்தையா என்று தெரியவில்லை. நாகபூஷணம் திறந்த வாயை அப்படியே வைத்துக்கொண்டு மூன்று வரிசையையும் பார்த்தார், நாலாவதைப் பார்த்தார். பிறகு வாயை மூடினார். அடங்கலை முழங்கையில் தாங்கி இரண்டு எழுத்தையும் வாயால் சொல்லாமல் எழுதினார். சாட்சிகளிடம் கட்டத்தை விரலால் காட்டினார். எத்திராஜ் தலையாட்டினார், செல்லியம்மா கைநாட்டு வைத்தாள். நாகபூஷணம் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்தார். தார் ரோட்டுக்கு வந்த பிறகுதான், இது ரூல் புத்தகத்தில் இல்லையம்மா என்றார். அதைச் சொல்லும்போதும் குரல் தாழ்ந்தே இருந்தது.

அந்த மூன்று வரிசையில் பிறகு காய் பிடிக்கவில்லை, பிடுங்கியபோது எல்லாம் பொக்கு. மற்றபடி விளைச்சல் எத்திராஜின் நாலு ஏக்கரில் ஏக்கருக்குக் கிடைத்ததைவிடக் கொஞ்சம் கூடுதல். அதைப் பற்றி எத்திராஜ் யாரிடமும் பேசுவதில்லை. சின்னசாமி ஷெட்டைக் காலி செய்துகொண்டு ஊருக்கு வந்தான். வாயை மூடிக்கொண்டு வேலை செய்ய வேண்டிய நிலத்தில் அவனால் நாலு நாளுக்கு மேல் இருக்க முடியவில்லை. சென்னைக்கே திரும்பிப் போனான். ஞாயிற்றுக்கிழமை இப்போதும் பேசுவான், வா என்று கூப்பிடுவதில்லை.

வருடா வருடம் சத்தியவேட்டில், மண்டல வருவாய் அதிகாரியான எம்.ஆர்.ஓ.வின் ஆபீசில் ஜமாபந்தி நடக்கும்போது ஊர் ஊராக, எண் எண்ணாக அடங்கலை உரக்க வாசிப்பார்கள். ஆபீசிலிருந்து ஈச்சங்கண்டிகை தெற்கே ஏழு கிலோமீட்டர். இருந்தாலும் 118/4 வரும்போது வாசிப்பவர் நிறுத்திவிட்டு விரலால் கட்டத்தைக் காட்டுவார், எம்.ஆர்.ஓ. எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த எண்ணுக்குப் போகச் சொல்வார். நாகபூஷணம் ஓய்வு பெற்ற பிறகும் அது மாறவில்லை. 2004இல் புதிதாக வந்த எம்.ஆர்.ஓ., அனந்தபூரிலிருந்து மாற்றலாகி வந்தவர், இதை மட்டும் ஏன் வாசிக்கவில்லை என்று கேட்டார். அதுக்குக் கேட்டுவிடும் சார் என்றார் கிளார்க். எம்.ஆர்.ஓ. தெற்குப் பக்கத்து ஜன்னலைச் சாத்தச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.